காற்றிடம் இரண்டு கேள்விகள்

1976-ஆம் ஆண்டு. சோவியத் நாட்டின் சல்யூட்-5 விண்வெளி நிலையத்தில் போரிஸ் வோலினோவ், விதாலி ஷோலபோவ் என்ற இரண்டு வீரர்கள் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் போனவர்கள், திட்டமிட்ட நாள் வருவதற்கு முன்பே ஆகஸ்ட் 24 அன்று பூமிக்கு இறங்கிவிட்டார்கள். ஷோலபோவுக்கு உடல்நலம் சரியில்லை என்றார்கள். நிலையத்துக்குள் மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று பரவியிருந்தது என்றும் பேசிக்கொண்டார்கள்.

இப்படி ஒரு பேச்சு வந்துவிட்டால், அடுத்தவர்களை எந்தத் தைரியத்தில் உள்ளே அனுப்புவது? 1977 பிப்ரவரியில் விக்தர் கர்பாத்கோவும் யூரி கிளாஸ்கோவும் அங்கே போனார்கள். தங்கள் விண்கலத்தை நிலையத்தோடு இணைத்த பிறகும் அவர்கள் உடனே உள்ளே நுழையவில்லை. பிறகு சுவாச முகமூடி மாட்டிக்கொண்டு நுழைந்து, காற்றைச் சோதித்தார்கள். நச்சு எதுவும் அகப்படவில்லை. அப்புறம்தான் முகமூடியைக் கழற்றினார்கள்.

வீட்டுக்குள் ஏதாவது நாற்றம் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னலைத் திறந்துவிடுவோம். விண்வெளி நிலையத்தில் அது முடியாது. வெளியே காற்றே கிடையாது. உள்ளே இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து எல்லோரும் சுவாசிக்க வேண்டும். அதனால் அங்கே “நாற்றம் அடிக்கிறதா?” என்று கேட்டால் போதாது. “காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது? ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் கருவி ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பறந்து வரும் மூலக்கூறுகள்

ஒருவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தால், அறையின் அடுத்த மூலையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. பழத்தோலில் லிமோனீன் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் ஆவியாகி, காற்றில் கலந்து, அவருடைய மூக்கு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. சாதாரண வெப்பநிலையிலேயே இப்படிக் கிளம்பிவிடும் பொருள்களுக்கு ‘எளிதில் ஆவியாகும் பொருள்கள்’ என்று பெயர். பெட்ரோல், நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன், சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால், மல்லிகையின் மணம், பழைய எண்ணெயின் சிக்கு வாடை எல்லாம் இந்த வகைதான். உப்புக்கு வாசனை இல்லையே, ஏன்? அது ஆவியாகி எழுந்து வருவதில்லை. மூக்குக்கு வந்து சேராத பொருளை எப்படி மோந்து பார்ப்பது?

விண்வெளி நிலையத்துக் காற்றில் இந்த ஆவிகள் எங்கிருந்து வருகின்றன? பிளாஸ்டிக், பசை, பெயின்ட், ஒயர்களின் மேலுறை ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். துடைக்கப் பயன்படுத்தும் ஈரத்தாளிலிருந்து ஆல்கஹால் வரும். டியோடரண்ட், முகப்பூச்சு போன்றவற்றிலிருந்து சிலாக்சேன் என்ற பொருள்கள் வரும். குளிரூட்டும் இயந்திரத்தில் கசிவு ஏற்பட்டால் அதுவும் சேரும். இவை போதாதென்று, நாம் விடும் மூச்சிலேயே அசிட்டோனும் ஐசோப்ரீனும் இருக்கின்றன. ஆகவே, மனிதர் இருக்கும் இடத்தில் ஆவி இல்லாத காற்று என்று ஒன்று கிடையாது.

மூக்கால் எவ்வளவு முடியும்?

மூக்கைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை உணரிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நாசாவுக்கு வைட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. விண்வெளிக்குப் போகும் பொருள்களை மோந்து பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு குழு உண்டு. ஜார்ஜ் ஆல்ட்ரிச் என்பவர் 1970-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தார். பொருளை மூடிய கலத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். கலத்தில் சேரும் காற்றைக் குழுவினர் மோந்து பார்த்து, 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். வாடை தாங்கவில்லை என்றால் அந்தப் பொருளுக்கு விண்வெளிப் பயணம் கிடையாது!

ஆனால் மூக்குக்கும் எல்லை உண்டு. ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். பிறகு வாசனையே தெரியாது. கார்பன் மோனாக்சைடு போன்ற கொடிய வாயுக்களுக்கு வாசனையே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு ஒரு கலவையைப் பிரித்துச் சொல்வதில்லை. காப்பியின் மணத்தில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. நமக்கோ அது ‘காப்பி வாசனை’ என்ற ஒரே ஒரு வாசனைதான். கூட்டமாக வருகிறவர்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் விசாரிக்க வேறு வழி வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் தங்கினாய்?

பிரிக்கும் வழியைக் காட்டியவர் ஒரு தாவரவியலாளர். அவர் பெயர் மிகயில் ஸ்வெத், ரஷ்யர். 1900-களின் தொடக்கத்தில் வார்சா நகரத்தில் இலைகளின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை நிரப்பி, அதன் மேல் இலைச் சாற்றை ஊற்றினார். சாறு இறங்க இறங்க, பச்சையாக இருந்தது மஞ்சள் பட்டைகளாகவும் வெவ்வேறு பச்சைப் பட்டைகளாகவும் பிரிந்து நின்றது. தூளோடு அதிகம் ஒட்டிக்கொண்ட நிறம் மேலேயே தங்கியது. அவ்வளவாக ஒட்டாத நிறம் கீழே இறங்கிப்போனது. இதுதான் வண்ணப்பிரிகை முறை.

திரவத்துக்குப் பதிலாக வாயுவை ஓடவிட்டால் என்ன? ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிஞ் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இந்த யோசனையை 1941-இலேயே எழுதிவைத்தார்கள். வண்ணப்பிரிகையில் செய்த வேலைக்காக 1952-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டில் மார்ட்டினும் அந்தோனி ஜேம்ஸ் என்பவரும் சேர்ந்து வாயு வண்ணப்பிரிகையைச் செய்துகாட்டி அறிக்கை வெளியிட்டார்கள். இதில் நிறம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்றைய கருவியில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். நீளம் 30 மீட்டர்கூட இருக்கும். உள்ளே இருக்கும் துளையின் விட்டமோ கால் மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர்தான். அதைச் சுருட்டி ஒரு சூடான பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். குழாயின் உள்சுவரில் பிசுபிசுப்பான ஒரு மெல்லிய பூச்சு. ஹீலியம், நைட்ரஜன் போன்ற ஒரு வாயு குழாய்க்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சோதிக்க வேண்டிய ஆவிக் கலவையை அந்த ஓட்டத்தில் விடுவார்கள்.

திருவிழாக் கடைவீதி வழியாக உங்கள் வகுப்பே நடந்துபோகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் நுழைகிறீர்கள். பொம்மைக் கடையிலும் பஜ்ஜிக் கடையிலும் நின்று நின்று போகிறவர் கடைசியில் வெளியே வருவார். எதிலும் மனம் போகாதவர் முதலில் வந்துவிடுவார். குழாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது. எளிதில் ஆவியாகி, பூச்சோடு அதிகம் ஒட்டாத மூலக்கூறு சீக்கிரம் வெளியே வரும். பூச்சில் கரைந்து கரைந்து நின்று வருவது தாமதமாக வரும். ஒன்று இரண்டாம் நிமிடத்தில் வந்தால் மற்றொன்று எட்டாம் நிமிடத்தில் வரும். ஒன்றாக உள்ளே போன கூட்டம் வரிசையாக வெளியே வருகிறது. ஒவ்வொன்றும் குழாய்க்குள் இருந்த நேரத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு வேகமாக ஓடினாய்?

குழாயின் வாயிலில் இரண்டாவது கருவி காத்திருக்கிறது. இதன் பெயர் அயனி நகர்திறன் அளவி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது நடத்துவது ஓர் ஓட்டப்பந்தயம்தான்.

பந்தயத்தில் ஓட்டுவது மின்புலம். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறை மின்புலம் இழுக்காது. அதனால் முதலில் மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுக்க வேண்டும். கருவிக்குள் நிக்கல்-63 அல்லது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். அதிலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் அங்குள்ள நைட்ரஜனைத் தாக்கும். தொடர்ந்து பல வினைகள் நடந்து, கடைசியில் நீர் மூலக்கூறுகள் ஒரு புரோட்டானைச் சுமந்துகொண்டு நிற்கும். அசிட்டோன் போன்ற மூலக்கூறு பக்கத்தில் வந்ததும் அந்தப் புரோட்டானைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். இப்போது அது நேர்மின் அயனி. பந்தயத்துக்குத் தயார்!

ஓடும் பாதை சில சென்டிமீட்டர் நீளம்தான். தொடக்கத்தில் கம்பி வலையாலான கதவு. முடிவில் ஓர் உலோகத் தகடு. கதவு ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடிக்கொள்ளும். அதற்குள் நுழைந்த அயனிகளை மின்புலம் தகட்டை நோக்கி இழுக்கும். எதிர்த்திசையிலிருந்து நைட்ரஜனோ சுத்தமான காற்றோ வந்துகொண்டே இருக்கும். அயனிகள் அதன் மூலக்கூறுகளில் மோதி மோதித்தான் முன்னேற வேண்டும். சிறிய, கச்சிதமான அயனிக்கு மோதல் குறைவு, அது முந்திவிடும். பெரிய, பரந்த அயனிக்கு மோதல் அதிகம். அது பிந்தி வரும். பந்தயம் முழுவதும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஒரு மில்லிநொடி என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடனே கதவு மறுபடி திறக்கும், அடுத்த பந்தயம் தொடங்கும்.

இங்கே எடை மட்டும் முக்கியமில்லை, உருவமும் முக்கியம். ஒரே எடையுள்ள இரண்டு அயனிகளில் ஒன்று உருண்டு திரண்டும் மற்றொன்று நீண்டு விரிந்தும் இருந்தால், அவை வெவ்வேறு நேரத்தில் தகட்டைத் தொடும்.

ஒரு கேள்வி போதாதா?

போதாது. ஏன் என்று பார்ப்போம்.

குழாய் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு பொருள்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடலாம். நேரத்தை மட்டும் பார்ப்பவர் அவை ஒரே பொருள் என்று ஏமாந்துபோவார்.

சரி, ஓட்டப்பந்தயம் மட்டும் வைத்தால்? அங்கே வேறொரு தகராறு. கலவை முழுவதையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் புரோட்டானுக்கு அடிதடி நடக்கும். புரோட்டானை வலுவாக இழுக்கும் மூலக்கூறுகள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு மின்னூட்டமே கிடைக்காது. அவை காற்றில் இருந்தும் கருவியின் கண்ணுக்குப் படாது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. குழாய், மூலக்கூறுகளை வரிசையில் ஒவ்வொன்றாக அனுப்புகிறது, அடிதடி குறைகிறது. குழாயில் ஒன்றாக வந்துவிட்ட இரண்டு பொருள்கள், ஓட்டத்தில் தனித்தனியாகப் பிரிகின்றன. முதல் கேள்விக்குப் பதில் நிமிடக் கணக்கில் வருகிறது. இரண்டாவதற்கு மில்லிநொடிக் கணக்கில். அதனால் குழாயிலிருந்து ஒரு பொருள் வெளியே வந்து முடிவதற்குள்ளேயே பல பந்தயங்களை நடத்தி முடித்துவிடலாம்.

விடைகளைக் கருவி ஒரு வரைபடமாகப் போடும். ஓர் அச்சில் குழாயில் தங்கிய நேரம், மற்றோர் அச்சில் ஓடிய நேரம். ஒவ்வொரு பொருளும் அதில் ஒரு புள்ளியாக விழும். பொருள் அதிகமாக இருந்தால் புள்ளியும் அழுத்தமாக இருக்கும். நூறு கோடி மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் பொருளைக்கூட இப்படிக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புள்ளியின் மேல் பெயர் எழுதியிருக்காது. அசிட்டோனின் புள்ளி எங்கே விழும் என்று தெரிய வேண்டுமானால், சுத்தமான அசிட்டோனை முன்பே ஓடவிட்டுப் பார்த்து, அந்த இடத்தைக் குறித்துவைத்திருக்க வேண்டும். ஹெக்சேன் போன்ற சில பொருள்கள் புரோட்டானை அவ்வளவாக இழுப்பதில்லை. இந்தக் கருவியில் அவை சரியாகத் தெரியாது. எந்தக் கருவிக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கத்தான் செய்யும்.

விண்வெளிக்குப் போன கருவி

விண்வெளி நிலையத்துக் காற்றைப் புட்டிகளில் அடைத்துப் பூமிக்குக் கொண்டுவந்து சோதிக்கும் பழக்கம் உண்டு. பூமியிலுள்ள ஆய்வகத்தில் பெரிய கருவிகள் இருப்பதால் சோதனை நன்றாகவே நடக்கும். ஆனால் புட்டி இறங்கி வந்து முடிவு தெரிவதற்குள், அந்தக் காற்றை வீரர்கள் பல நாள் சுவாசித்து முடித்திருப்பார்கள்.

அப்படியானால் அந்தக் கருவிகளையே மேலே அனுப்பலாமே? ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படுவது நிறை நிறமாலைமானி. மூலக்கூறுகளின் எடையைப் பார்க்கும் அந்தக் கருவிக்கு உள்ளே வெற்றிடம் வேண்டும். வெற்றிடம் உண்டாக்கப் பம்பு வேண்டும்; அதற்கு மின்சாரம் வேண்டும்; எடையும் கூடும். அயனிகளின் ஓட்டப்பந்தயமோ சாதாரணக் காற்றழுத்தத்திலேயே நடக்கும். விண்வெளிக்கு இது பெரிய வசதி.

2001 ஆகஸ்ட் மாதம் டிஸ்கவரி விண்ணோடத்தில் வோலடைல் ஆர்கானிக் அனலைசர் என்ற கருவி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. நாம் மேலே பார்த்த இரண்டு பகுதிகளும் சேர்ந்த கருவி அது. காற்றில் ஆவிகள் மிகக் குறைவாக இருக்கும் அல்லவா? அதனால் முதலில் காற்றை உறிஞ்சுபொருள் நிரப்பிய ஒரு சிறு குழாய் வழியாக இழுத்து, ஆவிகளை அதில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அதைச் சூடாக்கினால் சேர்ந்தவை எல்லாம் ஒன்றாக விடுபட்டு, நீளக் குழாய்க்குள் போகும். மற்றதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

கருவி போய்ச் சேர்ந்து சில மாதங்களில், 2002 பிப்ரவரியில், நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்தது. விண்வெளி உடைகளில் கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள் உண்டு. அவற்றை மறுபடி பயன்படுத்துவதற்காக அடுப்பில் வைத்துச் சூடாக்குவார்கள். அன்று சூடாக்கியபோது கெட்ட நெடி கிளம்பியது. வீரர்கள் மூவரும் நிலையத்தின் ரஷ்யப் பகுதிக்குப் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். காற்று சுத்தமாகும் வரை அங்கேயே இருந்தார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்பதை அங்கேயே, அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஏன் சொல்கிறோம் என்பது இப்போது புரிகிறதா?

கருவி நடுவில் பழுதாகி நின்றதும் உண்டு. விண்வெளியிலேயே அதைச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டார்கள். 2009 வரை அது வேலை செய்தது. அதற்குப் பின் வந்த காற்றுத் தரக் கண்காணிப்புக் கருவி இன்னும் சிறியது. நிலையத்துக் காற்றையே சுத்தப்படுத்தி, குழாய்க்குள் ஓடும் வாயுவாக அது பயன்படுத்திக்கொள்கிறது. தனியாக வாயு உருளை கொண்டுபோக வேண்டியதில்லை! அதிலும் கேள்விகள் இரண்டுதான். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது: மாறி மாறி அடிக்கும் மின்புலத்தில் அயனி எப்படி விலகிப்போகிறது என்று அது பார்க்கிறது.

பூமியிலும் வேலை உண்டு

விமான நிலையத்தில் பைகளை ஒரு சிறு துணியால் துடைத்து, அதை ஒரு கருவிக்குள் நுழைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிமருந்தின் துளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். அந்தக் கருவிகளில் பலவற்றுக்குள் நடப்பது அயனி ஓட்டம்தான். தேடும் பொருள்கள் சிலவே என்பதாலும், பதில் சில நொடியில் வேண்டும் என்பதாலும் அங்கே நீளக் குழாய் இல்லாமலே சமாளிக்கிறார்கள்.

ஸ்பெயின் நாட்டில் ஆலிவ் எண்ணெயைத் தரம் பிரிப்பது பெரிய வேலை. முதல் தரம் எக்ஸ்ட்ரா வெர்ஜின், அடுத்தது வெர்ஜின், கடைசித் தரமான லாம்பாந்தேயைச் சுத்திகரிக்காமல் சாப்பிட விற்கக் கூடாது. பயிற்சி பெற்ற சுவைஞர் குழு மோந்தும் சுவைத்தும் பார்த்தே தரம் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் 1991-இலிருந்து விதி உண்டு. ஒரு குழுவால் ஒரு நாளில் எத்தனை எண்ணெயைத்தான் சுவைக்க முடியும்? கோர்தபா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் இந்த இரட்டைக் கருவியைப் பழக்கிப் பார்த்தார்கள். எண்ணெயைச் சிறு புட்டியில் வைத்துச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியைக் கருவிக்குள் விடுகிறார்கள். நல்ல எண்ணெய்க்கும் கெட்ட எண்ணெய்க்கும் புள்ளிகள் வேறு மாதிரி விழுகின்றன.

2020-இல் கொரோனா பரவியபோது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் ஜெர்மனியின் டார்ட்மண்டிலும் நோயாளிகளின் மூச்சை இதே வகைக் கருவியில் விட்டுப் பார்த்தார்கள். மூச்சுத் தொல்லையோடு வந்தவர்களில் யாருக்குக் கொரோனா, யாருக்கு வேறு நோய் என்பதைப் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் கருவி சரியாகப் பிரித்தது. மருத்துவமனையில் அன்றாடம் பயன்படுத்த இது போதாது; மேலே ஆராயலாம் என்ற நம்பிக்கைக்குப் போதும்.

செய்து பாருங்கள்

இரண்டு கேள்வி கேட்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வேண்டியவை: வடிதாள், வெவ்வேறு கம்பெனிகளின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாக்கள் மூன்று, ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணீர், திரவமாக இருக்கும் சானிடைசர். சானிடைசர் தீப்பிடிக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பு இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

வடிதாளை டம்ளருக்குள் நிற்கும் அளவுக்குச் சதுரமாக வெட்டுங்கள். ஒரு மூலையில், இரண்டு ஓரங்களிலிருந்தும் 2 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். டம்ளரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, தாளின் கீழ் ஓரம் மட்டும் நனையும்படி நிறுத்துங்கள். புள்ளி தண்ணீரில் முங்கக் கூடாது. தண்ணீர் மேலே ஏற ஏறக் கறுப்பு பல நிறங்களாகப் பிரியும். எடுத்து நன்றாகக் காயவையுங்கள்.

இப்போது தாளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிரிந்த நிறங்கள் எல்லாம் கீழ் ஓரத்தில் வரிசையாக இருக்க வேண்டும். டம்ளரில் தண்ணீருக்குப் பதில் சானிடைசர் ஊற்றி, தாளை நிறுத்தி, மேலே ஒரு தட்டால் மூடிவிடுங்கள். முதல் ஓட்டத்தில் ஒரே இடத்தில் நின்ற நிறங்கள் இப்போது விலகுகின்றனவா என்று கவனியுங்கள். எல்லா மையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மூன்று பேனாவுக்கும் தனித்தனித் தாள் செய்து, எது எந்தப் பேனா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் நண்பரிடம் ஒரு புதுத் தாளைக் கொடுத்து, மூன்றில் ஏதாவது ஒரு பேனாவால் உங்களுக்குத் தெரியாமல் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை இரண்டு முறையும் ஓடவிட்டு, எழுதி வைத்த தாள்களோடு ஒப்பிட்டு, எந்தப் பேனா என்று கண்டுபிடியுங்கள். ஒரே ஓட்டத்தில் விடை தெரிந்ததா, இரண்டாவதும் தேவைப்பட்டதா என்பதைக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.